அம்மாவின் கையும் அன்னாசி ஜெலேயும்

ஆளுக்கொரு மாத்திரை டப்பாவும் ஆளுக்கொரு மூட்டுவலியுமாக உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது கைராசி இல்லை என்று முத்திரை குத்தி வைத்திருந்தார்களா? அவள் நட்ட செடி பட்டுப்போகும், அவள் உறை ஊற்றிய பால் திரிந்துபோகும், அவள் தூக்கிய பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் என்றெல்லாம்? எங்கள் வீட்டில் அந்த முத்திரை என் அம்மாவின் மேல் இருந்தது. அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். இதனால்தான்.

எனக்கு அப்போது பத்து வயது. பின்னாளில் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் புரதம், நொதி என்று பாடம் நடத்தி, இப்போது பென்ஷனில் இருக்கிறேன். அந்தப் படிப்புக்கு என்னைத் தள்ளிவிட்டது எந்த வாத்தியாரும் இல்லை, ஒரு கோடை விடுமுறை.

அம்மா அரியாங்குப்பத்துப் பெண். அப்பா புதுச்சேரி டவுனில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. ரயிலடிப் பக்கம் ஓட்டு வீட்டில் இருந்தோம். அப்பாவின் அக்காவை நாங்கள் பெரிய அத்தை என்போம். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர். அப்படிப்பட்ட குடும்பங்களை ஊரில் 'சொல்தா வீடு' என்பார்கள். சொல்தா வீட்டில் ஃபிரிஜ் இருந்தது, பெரிய கூடம் இருந்தது. சொந்தத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் அங்கேதான் பந்தி, அத்தை வைத்ததுதான் சட்டம். எங்கள் குடும்பத்தில் புதுநன்மை, கலியாணம் எதுவும் அவர் கையெழுத்தில்லாமல் நடந்ததில்லை என்றே சொல்லலாம்.

அக்காவுக்கும் எனக்கும் நடுவில் அம்மாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். முதல் பிள்ளை குடித்த பாலையெல்லாம் கக்கியது, கண் மஞ்சளாயிற்று, ஞானஸ்நானம் கொடுத்த சூட்டோடு அடக்கமும் செய்ய வேண்டியதாயிற்று. அடுத்த பிள்ளைக்கும் அச்சு அசல் அதேதான். அதற்கப்புறம் நான் பிறந்தேன். என்னைக் குளிப்பாட்டியது, தூக்கி வைத்துக்கொண்டது எல்லாம் அத்தை வீட்டுக்காரர்கள். பால் குடிக்க மட்டும் அம்மாவிடம் விடுவார்களாம். அதனால்தான் நான் பிழைத்தேன் என்பது அத்தை வீட்டு வரலாறு. அதை அம்மாவும் நம்பினாள் என்பதுதான் கொடுமை. சொந்தத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் வாசற்படியில் நின்று பார்ப்பாளே ஒழிய, கை நீட்டமாட்டாள். அந்த வருடம் அத்தையின் மருமகள் தலைப்பிள்ளையோடு வந்திருந்தாள். கொழுகொழுவென்று இருப்பான். வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் அவனைத் தூக்கிக்கொண்டு திரிவோம். அம்மா மட்டும் அவன் துணிகளைத் துவைத்துக் காயப்போடுவாள்.

அந்தக் கோடையில் எனக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளை கவுன், தலையில் முக்காடு, கையில் மெழுகுவர்த்தி. பூசை முடிந்ததும் அத்தை வீட்டில் விருந்து. அந்த விருந்துகளின் முடிவில் எப்போதும் ஜெலே வரும், ஜெல்லியைப் பிரெஞ்சில் அப்படிச் சொல்வார்கள். அத்தை செய்வது. வளைவு வளைவாக வரிபோட்ட ஒரு அலுமினிய அச்சு வைத்திருந்தார். இப்போது அது எந்தப் பழைய சாமான் கடையில் கிடக்கிறதோ. அதில் இனிப்புச் சாற்றை ஊற்றி, ஜெலாட்டின் கரைத்து, டப்பாவில் வந்த அன்னாசி வில்லைகளைப் போட்டு ஃபிரிஜில் வைப்பார். கவிழ்த்தால் கோபுரம்போல நின்று நடுங்கும். நாங்கள் தட்டைத் தட்டித் தட்டி நடுங்கவிட்டு, அடி வாங்கியபிறகுதான் தின்போம்.

அந்த முறை அத்தைக்குக் கையில் எண்ணெய் கொட்டி வெந்திருந்தது. நான் பண்ணுகிறேன் அண்ணி என்று அம்மா முன்வந்தாள். அத்தை பிரான்சிலிருந்து வந்த ஜெலாட்டின் பொட்டலத்தைக் கொடுத்தார். கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிய இலைகள். அத்தை சொன்னது எதையும் அம்மா மீறவில்லை. இலையைத் தண்ணீரில் ஊறவைத்தாள், சூடான சாற்றில் கரைத்தாள், கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபிறகு பழத்தின் மேல் ஊற்றினாள். ஒன்றே ஒன்றை மாற்றினாள். தகர டப்பாவில் வந்த பழத்தையா புதுநன்மைப் பிள்ளைக்குக் கொடுப்பது என்று, பெரிய மார்க்கெட்டில் முகர்ந்து பார்த்து நல்ல அன்னாசியாக வாங்கிவந்து நறுக்கிப் போட்டாள். மகளுக்கு மேலானதைத் தரவேண்டும் என்ற ஆசை. யார்தான் படமாட்டார்கள்?

மேசையில் பங்குச்சாமியார் இருந்தார். அம்மா அச்சைத் தட்டில் கவிழ்த்தாள். ஜெலே ரசமாக ஓடியது. மேசை விரிப்பு நனைந்து, சாமியாரின் அங்கிமேல் சொட்டி, அன்னாசித் துண்டுகள் தரையில் உருண்டன. ராத்திரி முழுக்க ஃபிரிஜில் இருந்த ஜெலே. பிள்ளைகள் கதவைத் திறந்து திறந்து மூடியிருப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள், கரண்டு போயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அத்தை சத்தமே போடவில்லை.

"விடுங்க. இவ கைராசி தெரிஞ்சதுதானே. நாமதான் மறந்துட்டோம்."

அது ஜெலேயைப் பற்றிய பேச்சில்லை என்று எனக்கே தெரிந்தது. அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அதோடும் விடவில்லை. விடுமுறை முடிவதற்குள் அக்காவுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள், அதுவும் அத்தை வீட்டில்தான். மாப்பிள்ளை வீடும் சொல்தா வீடு. அன்றைக்கு அம்மா சமையல்கட்டுப் பக்கம் வரவேண்டாம், பெண்ணைப் பெற்றவளாக லட்சணமாகக் கூடத்தில் உட்காரட்டும் என்றார். மரியாதை செய்வதுபோல ஒதுக்கத் தெரிந்தவர் அத்தை. பெற்ற மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு கரண்டி பிடிக்கக்கூட அம்மாவுக்குக் கை இல்லையென்று ஆயிற்று.

வீட்டுக்கு வந்து அம்மா அழுவாள் என்று பார்த்தேன். மிச்சமிருந்த ஜெலாட்டின் பொட்டலத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். மறுநாள் காலையில் அப்பா சைக்கிளை எடுக்கும்போது, வரும்போது ஐஸ் வாங்கி வரச்சொன்னாள். எதுக்கு என்று அப்பா கேட்டார். இன்னொரு தபா பண்ணிப் பார்க்கணும் என்றாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

எங்களிடம் ஃபிரிஜ் ஏது? மீனுக்குப் போடும் ஐஸ்கட்டிதான், மரத்தூளில் புரட்டி, சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் சொட்டிக்கொண்டே வரும். அதை உடைத்து குண்டானில் போட்டு, நடுவில் கிண்ணங்களை வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடுவோம். அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டு ஜெலேக்களில் வஞ்சிர மீன் வாடை அடித்தது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். நானும் அம்மாவும் ருசி பார்த்தே ஆகவேண்டும்.

முதல் தடவை இரண்டு கிண்ணம். ஒன்றை அம்மா கலக்கினாள், ஒன்றை நான் கலக்கினேன். இரண்டிலும் அதே சாறு, அதே பழம். சாயந்திரம் சாக்கை விலக்கிப் பார்த்தால் இரண்டும் தண்ணீர். எனக்கு ஒரே சந்தோஷம், பார்த்தியாம்மா, உன் கை இல்லை என்று குதித்தேன். அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உனக்குமாடி?" என்றாள்.

தன் கையில் இருந்தது எனக்கும் இறங்கிவிட்டது என்று பயந்துபோனாள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது இன்றைக்கும் தீரவில்லை. அம்மா மேல் இல்லை. அவளை அப்படி நினைக்க வைத்தவர்கள் மேல். சரி, கைராசிதான் காரணம் என்றால் ஊரிலேயே ராசியான கையைக் கொண்டுவந்து கலக்கச் சொல்வோம் என்றேன். பத்து வயதுப் பிள்ளை வீம்புக்குச் சொன்னதுதான். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

ராசியான கை யாருடையது என்பதில் சந்தேகமில்லை. அத்தையின் மருமகள் கைதான். வந்த வருடமே ஆண் பிள்ளை பெற்றவள், புது அடுப்பு பற்ற வைப்பதிலிருந்து புது நகை போட்டுவிடுவது வரை அத்தை அவளைத்தான் கூப்பிடுவார். ரவிக்கை தைக்க அக்காவிடம் அளவு கொடுக்கவேண்டும் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு ஒரு மத்தியானம் வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள், ஆனாலும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஊறவைத்தது முதல் ஊற்றியது வரை அவளே செய்தாள். நானும் அம்மாவும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றோம். சாக்கைப் போட்டு மூடியதுகூட அவள்தான்.

சாயந்திரம் திறந்தோம். அதுவும் தண்ணீர்.

"அப்ப எனக்கும் கை போயிடுச்சா?" என்று அவள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. கிண்ணத்தைச் சாய்த்துச் சாய்த்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "கை இல்ல. பழந்தான்," என்றாள். அம்மா அவ்வளவு உறுதியாக ஒன்றைச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

அதன்பிறகு வேலை வேகமாக நடந்தது. பழமே போடாமல் ஒரு கிண்ணம், உறைந்தது. மாம்பழம் போட்டு ஒன்று, அதுவும் உறைந்தது. அன்னாசி போட்டால் மட்டும் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை அம்மா மாட்டுக்கறி வைக்கும்போது முற்றின கறி வேக பப்பாளிக்காயைச் சீவிப் போட்டாள், எப்போதும் போடுவதுதான். போட்டுவிட்டு அப்படியே நின்றாள். அன்னாசி தின்றால் நாக்கு புண்ணாகிறதே, இதுவும் பப்பாளிக்காய் மாதிரி எதையோ தின்கிற சாதியோ என்று கேட்டாள். பப்பாளிக்காயைத் துருவி ஜெலேயில் போட்டுப் பார்த்தோம். உறையவில்லை. அம்மாவுக்கு அன்றைக்கு வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது, அதை அடக்குவது எப்படி. அம்மா அதற்கு ஒரு கணக்கு போட்டாள். கருணைக்கிழங்கு நாக்கை அரிக்கும், வேகவைத்தால் அடங்கும். ஆகவே அன்னாசியையும் வேகவை. இந்தக் கணக்கு தப்பு. கருணை அரிப்பதற்குக் காரணம் ஊசி ஊசியான உப்புப் படிகங்கள், அன்னாசியின் சமாச்சாரமே வேறு. ஆனால் தப்பான கணக்குக்குச் சரியான விடை வந்தது. சர்க்கரைத் தண்ணீரில் கொதிக்கவைத்த அன்னாசியைப் போட்டதும் ஜெலே கல்லாட்டம் உறைந்தது. மீன் வாடையோடு அதை நாங்கள் வழித்துத் தின்றோம்.

என்ன நடந்தது என்பது எனக்குக் கல்லூரியில்தான் புரிந்தது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், வாத்தியார் புத்தி போகாது. புரதம் என்பது மணி கோத்த மாலை. மணிகளில் இருபது வகை, அவற்றுக்கு அமினோ அமிலம் என்று பெயர். எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்ற வரிசைதான் அந்த மாலை எப்படிச் சுருண்டு மடங்கும் என்பதைத் தீர்மானிக்கும். எப்படி மடங்குகிறதோ அதுதான் அதன் வேலை. எலும்பிலும் தோலிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதத்தில் மூன்று மாலைகள் கயிறாக முறுக்கிக்கொண்டிருக்கும். அதைக் கொதிக்கவைத்து எடுத்தால் முறுக்கு பிரிந்து ஜெலாட்டின் வரும். சூட்டில் அந்த இழைகள் தனித்தனியாக மிதக்கும். ஆறும்போது அங்கங்கே மறுபடி முறுக்கிக்கொண்டு வலையாகி, தண்ணீரை உள்ளே பிடித்துவைக்கும். ஜெலே நிற்பது அந்த வலையினால்தான்.

பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது, பப்பாளிப் பாலில் பப்பைன். நொதியும் ஒரு புரதம்தான், ஆனால் அது மடங்கியிருக்கிற விதத்தில் ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தில் இன்னொரு புரதத்தின் மாலை வந்து பொருந்தினால் அதை வெட்டிவிடும், தான் தேயாமல் அடுத்ததை வெட்டப் போகும். ஜெலாட்டின் இழையெல்லாம் துண்டுதுண்டாகிவிட்டால் வலை ஏது? நீங்கள் எத்தனை ராத்திரி ஃபிரிஜில் வைத்தாலும் தண்ணீர்தான். பழத்தைக் கொதிக்கவைத்தால் நொதியின் மடிப்பு கலைகிறது, பள்ளம் போகிறது, அதன் வேலையும் போகிறது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்தபிறகு பழையபடி ஆகாதில்லையா, அதே கதை. டப்பாவில் அடைக்கும்போதே பழத்தைச் சூடாக்கிவிடுகிறார்கள். அத்தையின் கைராசி முழுக்க அந்தத் தகர டப்பாவில் இருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று விடிந்ததும் அம்மா வெந்த அன்னாசியைச் சட்டியில் எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, அத்தை வீட்டுச் சமையல்கட்டுக்கு நேராகப் போனாள். அத்தை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். உன்னைக் கூடத்தில்தானே உட்காரச் சொன்னேன் என்றார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"என் பொண்ணு நிச்சயதார்த்தம் அண்ணி," என்றாள் அம்மா. "ஜெலே நான்தான் பண்ணுவேன். நிக்கலன்னா, இனிமே இந்த வீட்டு அடுப்பை நான் தொடல."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில் ரகளை வேண்டாம் என்று நினைத்திருப்பார். வழியை விட்டார். ஆனால் அம்மா செய்து முடித்ததும், தன் பங்குக்கு டப்பாப் பழம் போட்டு வேறு பாத்திரத்தில் இன்னொன்று செய்து, ஃபிரிஜில் அதற்குப் பக்கத்திலேயே வைத்தார். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் பந்தி முடிகிற சமயம். மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சும் தமிழும் கலந்து ஏதோ பட்டாளத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அச்சைக் கொண்டுவந்து அத்தைக்கு எதிரிலேயே தட்டில் கவிழ்த்தாள். மெதுவாக அச்சைத் தூக்கினாள். ஜெலே ஒருமுறை குலுங்கிவிட்டு நின்றது. மாப்பிள்ளை வீட்டு அம்மாள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அத்தை ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு மென்றார், இதென்ன பழம் என்று கேட்டார். மார்க்கெட் அன்னாசிதான் அண்ணி, பச்சையாகப் போட்டால் உறையாது, வேகவைத்துப் போடவேண்டும், உங்கள் டப்பாப் பழம் வெந்த பழம் என்று அம்மா சொன்னாள். அத்தை இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டார்.

விருந்தினர் போனபிறகு நானும் அம்மாவும் கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தோம். அம்மா அச்சின் ஒவ்வொரு வரியையும் விரலால் தேய்த்தாள். பிறகு, தலை நிமிராமல், "அது கை இல்லதானே?" என்றாள்.

"இல்லம்மா. பழந்தான்."

"அந்த ரெண்டு பிள்ளைங்களும்? அதுவும் கை இல்லதானே?"

"இல்லம்மா," என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன்.

பின்னால் நிறையப் படித்தேன். பாலில் இருக்கிற சர்க்கரையைப் பக்குவப்படுத்தும் ஒரு நொதி இல்லாமல் சில பிள்ளைகள் பிறப்பதுண்டு. தாய்ப்பாலே அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. கக்குவார்கள், ஈரல் கெட்டு மஞ்சளாவார்கள். அந்தக் குறை பிள்ளைக்கு வரவேண்டுமென்றால் அம்மாவிடமிருந்து பாதியும் அப்பாவிடமிருந்து பாதியும் வந்து சேரவேண்டும். அப்படிப் பார்த்தால் அத்தை வீட்டு ரத்தத்துக்கும் பங்கு உண்டு. எனக்கு அண்ணன்களாக இருந்திருக்க வேண்டியவர்கள், அவர்களுக்கு அதுதான் வந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். யாரும் பரிசோதிக்கவில்லை, இனி முடியவும் முடியாது. ஆனால் தொட்ட கையால் ஒரு பிள்ளை சாகாது என்பதை எந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன்.

உள்ளே அத்தையின் பேரன் தொட்டிலில் கிடந்து வீறிட்டான். மருமகள் வாசலில் யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தாள். அம்மா கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், எழுந்து உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். தொட்டிலுக்குள் இரண்டு கையையும் விட்டு அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அழுகைச் சத்தம் கேட்டு வந்த அத்தை கதவோரம் நின்றுவிட்டார். கையை நீட்டினார், குழந்தையை வாங்கிக்கொள்ள.

அம்மா கொடுக்கவில்லை. முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"நீங்க போய்ப் படுங்க அண்ணி. பிள்ளை என்கிட்ட இருக்கட்டும்."